ஹட்டன் பக்கம் கடைக்கு இன்சூரன்ஸ்: ஃபயர் பொலிசியில் மண்சரிவு சேருமா?

டிக்கோயா பேக்கரி
வணக்கம். டிக்கோயாவுல வாடகைக் கடையில பேக்கரி வச்சிருக்கேன். விறகுப் போறணைய விட்டுட்டு கேஸ் அவனுக்கு மாறுறதுக்கு பேங்க்ல 35 இலட்சம் லோன் பாஸ் ஆகியிருக்கு. இன்சூரன்ஸ் எடுத்துட்டு வந்தாத்தான் காசு விடுவாங்களாம். அவங்க சொன்ன ஏஜென்டே கொட்டேஷன் அனுப்பியிருக்காரு. ஒரே பக்கம், முழுக்க இங்கிலீஷ். மேல "ஃபயர் அண்ட் லைட்னிங்"னு பெருசா இருக்கு, கீழ நாலஞ்சு வரி. மண்சரிவுக்கு வருமான்னு கேட்டா, "எல்லாம் கவர் தம்பி, பயப்படாதீங்க"ங்கிறாரு.

எப்படி பயப்படாம இருக்கிறது? கடைக்குப் பின்னால செங்குத்தா வெட்டின மண்மேடு. 2025 நவம்பர்ல டித்வா புயல் அடிச்சப்போ அந்த மேட்டுல ஒரு பகுதி வழிஞ்சு பின்வாசல் வரைக்கும் வந்துருச்சு. உள்ள வரலை, அவ்வளவுதான்.

கட்டடம் என்னோடது இல்லை. அப்போ நான் எதை இன்சூர் பண்ணணும், எவ்வளவுக்குப் பண்ணணும்? கிளெய்ம் வாங்கின அனுபவம் உள்ளவங்க சொன்னா புண்ணியமாப் போகும்.

சும்மா வாசிப்பவன்
கட்டும்போது எல்லாம் கவர். கேக்கும்போது ஒண்ணும் கவர் இல்லை. அந்தக் காசை மாசா மாசம் சீட்டுல போடுங்க தம்பி.

கண்டி புரோக்கர்
நான் கண்டியில் ஒரு காப்புறுதித் தரகு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இங்கே யாருக்கும் பொலிசி விற்க வரவில்லை, கேள்வி நல்ல கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

தம்பி, ஃபயர் பொலிசியின் அடிப்படை தீயும் மின்னலும் மட்டும்தான். மற்ற ஒவ்வொன்றும் மேலதிகமாகப் பணம் கட்டிச் சேர்ப்பது: புயல், வெள்ளம், நிலநடுக்கம், வேண்டுமென்றே செய்யும் நாசம், வாகனம் வந்து மோதுவது, தண்ணீர்த் தாங்கி உடைவது, வெடிப்பு, கலவரம், பயங்கரவாதம் எல்லாம் அப்படித்தான். பொலிசியோடு ஒரு அட்டவணை வரும். அதில் எது பெயர் சொல்லி எழுதியிருக்கிறதோ அது உங்களுக்கு உண்டு. எழுதாதது கிடையாது. ஏஜென்ட் போனில் சொன்னது நாளைக்கு எந்த மேசையிலும் செல்லாது.

மண்சரிவு பற்றி. புயலும் வெள்ளமும் ஒரு வரியில் வரும். நிலம் தாழ்வதும் மண் சரிவதும் பெரும்பாலும் வேறொரு வரி. வெள்ளம் இருப்பதால் மண்சரிவும் கூடவே வந்துவிடும் என்று மலையகத்தில் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு வந்த பக்கத்தில் அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். சில கம்பனி இடத்தைப் பார்க்காமலே மறுக்கும். சில கம்பனி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கும்.

சேர்த்த பிறகும் விலக்குகளைப் படிக்க வேண்டும். கட்டடம் மெதுவாக இறங்கி சுவர் வெடிப்பது, பிழையான கட்டுமானம், மண்ணை வெட்டியதால் வந்த சரிவு, இவற்றை வழக்கமாக விலக்கி வைப்பார்கள். "செங்குத்தா வெட்டின மண்மேடு" என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. யார் எப்போது வெட்டியது, அனுமதி இருந்ததா, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா? வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். மேடு இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரிய வந்தால், நட்டம் தீயால் வந்திருந்தாலும் பொலிசியையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

உங்களுக்கு இன்னொன்று: கேஸ். வணிகப் பாவனைக்கான கேஸ் வெடித்தால் அடிப்படைப் பொலிசி கை கொடுக்காது, வெடிப்பு என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்க சிலிண்டர் வெடித்த காலம் மறந்திருக்காது.

வெலிமடை மரக்கறி
புரோக்கர் அண்ணே, ஒரு சந்தேகம். எங்க ஸ்டோருக்கு ஒரு கீறல் கூட விழல. ஆனா மண்சரிவுல ரோடு மூடிக் கிடந்ததுல கரட், லீக்ஸ் எல்லாம் மூட்டையோட அழுகிப்போச்சு. கொழும்புக்கு லொறி அனுப்ப வழியே இல்லை. பொலிசியில வெள்ளம், புயல் ரெண்டும் இருக்கு. கம்பனிக்குப் போன் பண்ணா "உங்க இடத்துக்கு சேதம் இல்லையே"ன்னு வச்சுட்டாங்க.

கண்டி புரோக்கர்
அவர்கள் சொன்னது பொலிசிப்படி சரி, தம்பி. உங்கள் சொத்தில் அந்த ஆபத்து நேரடியாகப் பட்டிருக்க வேண்டும். பாதை மூடியதால் வியாபாரம் நின்றது என்பது வேறு வகை நட்டம். அதற்கு வியாபாரத் தடை என்று தனிக் காப்புறுதி இருக்கிறது. அதிலும் சாதாரணமாக உங்கள் சொந்த இடம் சேதமாகி வியாபாரம் நின்றால்தான் தருவார்கள். பக்கத்துச் சேதத்தால் உங்கள் இடத்துக்கு வழி அடைபட்டால் என்ற பிரிவை மேலதிகமாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் தூர எல்லை, நாள் எல்லை எல்லாம் வைத்திருப்பார்கள். ராம்பொடைக்கு அங்கால் விழுந்த மண்ணுக்கு வெலிமடையில் கேட்க முடியாது.

சரக்கு லொறியில் ஏறிய பிறகு அது ஃபயர் பொலிசிக்குள்ளும் இல்லை. அதற்குப் போக்குவரத்துச் சரக்குக் காப்புறுதி. அழுகல் அதிலும் சிக்கலான விடயம்தான். உண்மையைச் சொன்னால், மரக்கறி வியாபாரிக்குப் பொருத்தமாக நான் இதுவரை பார்த்த பொலிசிகள் குறைவு.

வெலிமடை மரக்கறி
நேர்மையாச் சொன்னதுக்கு நன்றிண்ணே. இதையே அந்த ஏஜென்ட் எடுக்கும்போது சொல்லியிருந்தா கோபம் வந்திருக்காது.

பண்டாரவளை ஹார்ட்வெயார்
பேக்கரித் தம்பிக்கு எவ்வளவுக்குப் பண்ணணும்னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்கு யாரும் பதில் சொல்லலை. நான் சொல்றேன், ஏன்னா எங்க கடையில அடிபட்டதே அங்கதான்.

என் கணவர் காலத்துல 50 இலட்சத்துக்குப் போட்ட பொலிசி. வருஷா வருஷம் ரினிவல் கடிதம் வரும், அதே தொகைக்குக் கட்டிட்டு வருவாரு. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போச்சே, அப்போ சிமெந்து, கம்பி, பெயின்ட், பிவிசி குழாய் எல்லாம் எங்க போய் நின்னுச்சுன்னு ஹார்ட்வெயார்க்காரங்களுக்குத் தெரியும். கடையில இருந்த சாமான் அளவு அதேதான், மதிப்பு மட்டும் 80 இலட்சம். பொலிசி அதே 50.

பின் ஸ்டோர்ல தீப்பிடிச்சு 16 இலட்சத்துக்கு சாமான் போச்சு. 50 இலட்சம் வரைக்கும் கவர் இருக்கே, 16 இலட்சமும் வந்துரும்னுதான் நினைச்சோம். நட்டத்தை மதிப்பிடுற சர்வேயர் வந்து மொத்தக் கடையையும் எண்ணினாரு. எரியாத சாமானை எதுக்கு எண்றாருன்னு அப்போ புரியலை. கடைசியில, "80க்குப் போட வேண்டிய இடத்துல 50க்குத்தான் போட்டிருக்கீங்க, அதனால நட்டத்துலயும் எட்டுல அஞ்சு பங்குதான்"னு 10 இலட்சத்துக்குக் குறைச்சாங்க. எக்ஸ்செஸ்னு, அதாவது நாமளே தாங்க வேண்டிய பங்குன்னு, அதுல இன்னும் 10 வீதம் போச்சு. கையில வந்தது 9.

கொள்ளை அடிச்சுட்டாங்கன்னு நான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பிறகு பொலிசிய ஒருத்தர வச்சு முழுசா வாசிச்சேன். எல்லாம் அதுல இருக்கு. ஆனா ஒரு கேள்வி இன்னும் இருக்கு. அத்தனை வருஷமா ரினிவல் கடிதம் அனுப்பின கம்பனி, "தொகைய இன்றைய விலைக்கு மாத்துங்க"ன்னு ஒரு வரி எழுதினா அவங்களுக்கு என்ன குறையும்?

சும்மா வாசிப்பவன்
பாத்தீங்களா? இதத்தான் நானும் சொன்னேன்.

பண்டாரவளை ஹார்ட்வெயார்
தம்பி, சீட்டுக்காசு எனக்கு அந்த 9 இலட்சத்தத் தந்திருக்காது. நான் பொலிசிய நிறுத்தலை. தொகையத்தான் கூட்டினேன்.

டிக்கோயா பேக்கரி
அக்கா, ரொம்ப நன்றி. அப்போ பயத்துக்கு ஒரு கோடிக்குப் போட்டுட்டா? எதுக்குக் குறைவாப் போட்டு மாட்டிக்கணும்?

கணக்குக் கொப்பி
கூட்டிப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. காப்புறுதி உங்களை நட்டத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கு, இலாபம் தருவதற்கு அல்ல. 40 இலட்சப் பொருளுக்கு ஒரு கோடிக்குப் போட்டால், ஒரு கோடிக்கான கட்டணம் கட்டி 40 இலட்சம்தான் வாங்குவீர்கள். அந்தக் கட்டணத்தோடு 18 வீத வற் வரி வேறு.

நான் நுவரெலியாவில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுபவன். தொகையை இப்படிப் பிரித்துப் போடச் சொல்வேன்.

இயந்திரம்: புதிதாக வாங்க இன்று என்ன விலை என்று கேளுங்கள், கொள்வனவுப் பத்திரத்தில் இருக்கும் பழைய விலை அல்ல. 2019இல் இறக்குமதி செய்த மாப் பிசையும் மெஷினை அதே விலைக்குப் போட்டு வைத்திருக்கிறவர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எனக்குத் தெரிந்தே பலர். பொலிசி "புதியதாக மீளமைத்தல்" அடிப்படையா, தேய்மானம் கழித்தா என்பதையும் கேளுங்கள். தேய்மானம் கழிக்கும் பொலிசியில் எட்டு வருட கேஸ் அவனுக்குப் பழைய இரும்பு விலையை விடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

சரக்கு: வாங்கிய விலைக்கு. விற்கும் விலை கிடையாது. ஆனால் வருடத்தில் எந்த மாதம் அதிகமாக இருக்குமோ அந்த மாதத்தின் மதிப்பைப் போடுங்கள். டிசம்பரில் கிறிஸ்மஸ் கேக்குக்கு மாவும் சீனியும் மார்ஜரினும் பிளம்ஸும் நிரம்பிக் கிடக்கும். பொங்கல் முடிந்தால் பாதி. நுவரெலியாக்காரர்களுக்கு ஏப்ரல் சீசன்தான் உச்சம். பெப்ரவரி இருப்பை வைத்து ஏப்ரலைக் காப்புறுதி செய்தால் அக்கா சொன்ன கழிப்புத்தான்.

கடைக்குள் நீங்கள் செய்த வேலைகள்: டைல்ஸ், வயரிங், கண்ணாடி ஷோகேஸ், சீலிங். வாடகைக் கட்டடமானாலும் உங்கள் காசு போட்டது உங்களுடைய நலன். தனி வரியாகப் போடலாம்.

பிறகு, கணக்கு. சர்வேயர் முதலில் கேட்பது கொள்வனவு பில், இருப்புப் பதிவு, வங்கிக் கூற்று, வியாபாரப் பதிவுச் சான்றிதழ். அதையெல்லாம் கடை லாச்சியிலேயே வைத்திருந்தால் கடையோடு அதுவும் போகும். போனில் படம் பிடித்து ஒன்லைனில் எங்காவது போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை கடையை ஒரு வீடியோ எடுத்தாலே பெரிய உதவி. கடன் கொப்பியையும் சேர்த்துப் படம் எடுங்கள். தோட்டத்துச் சனம் சம்பளத்துக்குச் சம்பளம் கட்டுகிற கடன் எந்த ஃபயர் பொலிசியிலும் வராது. கொப்பி எரிந்தால் கடனும் எரிந்த மாதிரி.

கம்பளை அரிசிக்கடை
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். டித்வாவில் மகாவலி எங்கள் டவுனுக்குள்ளேயே வந்தது. என் கடையில் கல்லாப்பெட்டி உயரத்துக்குத் தண்ணி. வெள்ளம் சேர்த்த பொலிசி இருந்தது, நான் எடுத்திருப்பது தகாபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதி முறையிலானது. அதிலும் அட்டவணை, விலக்கு, எக்ஸ்செஸ் எல்லாம் மற்றதைப் போலத்தான், யாரும் வேறென்று நினைக்க வேண்டாம்.

கிளெய்ம் எப்படி நடந்தது என்று கேட்டீர்களே. அதை எழுதுகிறேன்.

தண்ணி வடிந்ததும் ஒரே சேறு. நாற்றம். ஆட்களைக் கூப்பிட்டு உடனே அள்ளி வீசத்தான் மனம் சொல்லும். வீசாதீர்கள். முதலில் போன் பண்ணி அறிவியுங்கள், கூடவே ஒரு ஈமெயிலோ வட்ஸ்அப்போ போடுங்கள், நேரம் பதிவாகும். சுவரில் தண்ணி நின்ற கோடு, சாக்கு அடுக்கு, தராசு, ஃப்ரீசர், எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்த நேரம் சர்வேயர்மாருக்கு நாடு முழுக்க வேலை, எங்கள் பக்கம் பாதையும் இல்லை. நனைந்த அரிசி புழுக்கத் தொடங்கிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் அழிக்கச் சொன்னார். நான் கம்பனிக்கு எழுதிக் கேட்டேன், படம் எடுத்து, எண்ணி, சாக்கில் இருந்து மாதிரி எடுத்து வைத்துவிட்டு அழிக்கலாம் என்று எழுத்தில் பதில் தந்தார்கள். அந்த ஒரு ஈமெயில் இல்லையென்றால் என் கிளெய்ம் பாதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதகரிடம் அழித்ததற்குக் கடிதமும் வாங்கினேன். கிராம சேவகரின் கடிதமும் கேட்டார்கள்.

மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதும் எங்கள் பொறுப்புத்தான், சும்மா விட்டால் அதையும் கழிப்பார்கள். மேல் அடுக்கில் நனையாத சாக்குகளை மாடிக்கு ஏற்றிய கூலி பில்லைக் கூட வைத்திருந்தேன், அதைச் சேர்த்துத் தந்தார்கள்.

எங்கே வெட்டினார்கள் தெரியுமா? என் பொலிசியில் சரக்கு தரையிலிருந்து 6 அங்குலம் உயரத்தில் பலகைத் தட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. முன்பக்கம் எல்லாம் தட்டில்தான். சில்லறைக்குப் பிரித்து வைத்த சாக்குகள் சீமெந்துத் தரையில். அதற்கு ஒரு சதமும் இல்லை. தண்ணி இடுப்புக்கு மேலே வந்தது, 6 அங்குலத்தால் என்ன ஆகும் என்று வாதாடினேன். நிபந்தனை நிபந்தனைதான் என்றார்கள். இதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை.

சேறு அள்ள பெக்கோ பிடித்தோம், பக்கத்துக் கடைக்காரர்களோடு பங்குக்கு. இடிபாடு அகற்றும் செலவு என்று பொலிசியில் ஒரு பிரிவு இருந்தால் அது வரும். எனக்கு இருந்தது. பெரிய கட்டணமும் இல்லை அதற்கு. மலைப்பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள் அதைக் கேட்காமல் பொலிசி எடுக்கக் கூடாது என்பேன்.

பண்டாரவளை ஹார்ட்வெயார்
நானா, அந்த 6 அங்குல விஷயத்துக்கு மேல முறையீடு பண்ணலையா?

கம்பளை அரிசிக்கடை
கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதினேன் தங்கச்சி. பதில் அதேதான். அதற்கு மேலே போகவில்லை, கடையைத் திறக்கும் அவசரம்.

கண்டி புரோக்கர்
நானா, இன்னும் போகலாம். முதலில் கம்பனியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள், அது உங்களிடம் இருக்கிறது. பிறகு முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் போகக் கட்டணம் இல்லை. அவர் எடுக்கும் முறைப்பாடுகளுக்கு வரம்பு உண்டு, அதனால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு எழுதுங்கள். இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கம்பனி, புரோக்கர் எல்லோரும் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அங்கே பதிவு செய்தவர்கள்தான். சட்டத்தரணி வைக்கும் கட்டம் அதற்குப் பிறகுதான்.

நிபந்தனையை மீறியதற்கும் நட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்ற உங்கள் வாதம் மோசமான வாதம் இல்லை. வெற்றி என்று சொல்ல மாட்டேன். எழுதிப் பார்க்கத் தகுதியானது.

பதுளை ஜவுளி
பிள்ளைகள் எல்லாரும் மண்சரிவு, வெள்ளம் என்றே பேசுகிறீர்கள். 1983 யூலையில் பதுளை கடைவீதி எரிந்ததைப் பார்த்தவன் நான். எங்கள் அப்பாவின் ஜவுளிக்கடையும் அதில். தீக் காப்புறுதி இருந்தது. தீயால்தான் எரிந்தது. ஆனால் கலவரக்காரர் வைத்த தீ என்பதால் பொலிசி பேசவில்லை. அப்பா அந்தப் பத்திரத்தைக் கடைசி வரை பெட்டியில் வைத்திருந்தார், எதற்கென்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

தம்பி டிக்கோயா, உங்கள் கொட்டேஷனில் வேலைநிறுத்தம், கலவரம், மக்கள் குழப்பம், பயங்கரவாதம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறெதையும் விடுங்கள், இதை விடாதீர்கள். 2018 மார்ச்சில் திகனைக் கலவரத்தில் எரிந்த கடைகளையும் நாம் பார்த்தோம். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டில் கடை வைத்தால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். மழை எல்லாருக்கும் பெய்யும்.

கண்டி புரோக்கர்
ஐயா சொல்வது முக்கியமானது. 83க்குப் பிறகு இந்த ஆபத்துக்கென்றே அரசாங்கம் ஒரு நிதியம் அமைத்தது. இப்போது அதை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. நீங்கள் எந்தக் கம்பனியில் எடுத்தாலும் கலவர, பயங்கரவாதக் கவர் அந்த நிதியத்துக்குத்தான் போகும். ஆகவே இந்த ஒரு வரிக்காகக் கம்பனி கம்பனியாக அலையத் தேவையில்லை, வரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கட்டணத்தைக் குறைத்துக் காட்ட அதை எடுத்துவிட்டுக் கொட்டேஷன் தரும் வழக்கம் உண்டு. கலவரமும் பயங்கரவாதமும் இரண்டு தனிக் கவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

சும்மா வாசிப்பவன்
அரசாங்கமே அனர்த்தக் காப்புறுதி எல்லாருக்கும் போட்டிருக்குதானே? அப்புறம் எதுக்கு நாம கட்டணும்?

கணக்குக் கொப்பி
2016இல் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைச் சொல்கிறீர்கள். சிறு வியாபாரங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆனால் அது அரசாங்கம் தன் காசில் வைக்கும் ஏற்பாடு, உங்கள் பெயரில் ஒரு பத்திரமும் இல்லை. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். பேங்க் அதை ஏற்காது. நிவாரணம் வந்தால் வாங்குங்கள், பிரதேச செயலகத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காகவாவது வியாபாரத்தைப் பதிவு செய்து வையுங்கள். அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

லயத்துச் சில்லறைக்கடை
எல்லாரும் டவுன்காரங்க கதை பேசுறீங்க. நான் மஸ்கெலியா பக்கம் தோட்டத்துக்குள்ள சின்னக் கடை வச்சிருக்கேன். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், காணி உறுதிப் பத்திரம் கிடையாது. தாத்தா காலத்துல இருந்து இருக்கிறோம், ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. இன்சூரன்ஸ்காரங்க உறுதி எங்கன்னு கேட்டாங்க, அதோட விட்டுட்டேன். எங்களுக்கெல்லாம் இது இல்லைதானே?

கண்டி புரோக்கர்
இருக்கிறது தம்பி. உறுதி இல்லாததால் கட்டடத்தைக் காப்புறுதி செய்வதுதான் சிக்கல். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தபோது நிலம் அரசிடமேதான் இருந்தது, அதனால் உங்களைப் போன்றவர்களின் கடைக்கு உரித்துக் காட்டுவது கஷ்டம். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு உங்கள் காசு. ஃப்ரிட்ஜ், அலுமாரி, தராசு உங்களுடையது. அது போனால் நட்டம் உங்களுக்கு. காப்புறுதிக்கு அந்த நலன் போதும். "கட்டடம் வேண்டாம், உள்ளடக்கம் மட்டும்" என்று கேளுங்கள். வியாபாரப் பதிவும் கொள்வனவு பில்லும் இருந்தால் பேச இடம் உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன். பலகைச் சுவர், தகரக் கூரை என்றால் கட்டணம் கூடும். சில கம்பனி வேண்டாம் என்றும் சொல்லும். மூன்று இடத்திலாவது கேளுங்கள். ஒரு கம்பனியின் மறுப்பு எல்லாக் கம்பனியின் மறுப்பும் அல்ல.

லயத்துச் சில்லறைக்கடை
சரக்கு மட்டும்னு ஒண்ணு இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை ஹட்டனுக்குப் போறேன்.

டிக்கோயா பேக்கரி
எல்லாரும் சொன்னத வச்சு அந்தப் பக்கத்த எடுத்து வரி வரியா பாத்தேன். புயல், வெள்ளம் இருக்கு. மண்சரிவு இல்லை. வெடிப்பு இல்லை. கலவரம் இருக்கு, பயங்கரவாதம் இல்லை. தொகை 35 இலட்சம், அதாவது லோன் அளவு மட்டும். மாவு, மெஷின், ஷோகேஸ் ஒண்ணும் இல்லை. பேங்க் பேர்தான் மேல இருக்கு, என் பேரு கீழ.

ஏஜென்டுக்கு ஈமெயில் போட்டேன். வெடிப்பும் பயங்கரவாதமும் உடனே சேத்துட்டாங்க. மண்சரிவுக்கு ஆள் அனுப்பிப் பாக்கணுமாம். ஒருத்தர் வந்து மேட்டைப் படம் எடுத்தாரு, வடிகான் இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. வடிகான் வெட்டினா யோசிக்கலாம்ங்கிறாங்க. வெட்ட வேண்டியது வீட்டுக்கார முதலாளி. அவருகிட்ட பேசணும்.

ஒரு கேள்வி பாக்கி. பேங்க் பேரு மேல இருக்கிறதால, நாளைக்கு ஏதாவது ஆனா செக் யாருக்கு வரும்?

கணக்குக் கொப்பி
வங்கிக்கு. கடன் மிச்சம் எவ்வளவோ அதை எடுத்துக்கொண்டு மீதி இருந்தால் உங்களுக்கு. 35 இலட்சம் போட்டு 35 இலட்சம் கடன் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கடன் இல்லாத வெறுங்கை. வங்கி தன்னைத்தான் காப்புறுதி செய்யச் சொல்கிறது, அதில் பிழை இல்லை. உங்களை நீங்கள் காப்புறுதி செய்ய வேண்டும். கேஸ் அவனை ஒரு உருப்படியாக வங்கியின் பெயரோடும், சரக்கையும் மற்ற மெஷின்களையும் உங்கள் பெயரில் தனி உருப்படிகளாகவும் போடச் சொல்லுங்கள். பல இடத்தில் ஒரே பொலிசிக்குள்ளேயே செய்து தருவார்கள்.

பிரீமியத்தைத் தவணைக்குள் கட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த பொலிசிகளில் தொடங்கிய நாளிலிருந்து 60 நாள். அதற்குள் கட்டாவிட்டால் கையில் பத்திரம் இருந்தும் கவர் இல்லை. வங்கி தன் பக்கத்தில் கழித்துக் கட்டுகிறது என்றால் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

பதுளை ஜவுளி
முதலாளி கட்டடத்துக்குத் தனியாகக் காப்புறுதி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள் தம்பி.

டிக்கோயா பேக்கரி
ஐயா, வச்சிருக்கேன்னு சொன்னாரு. அப்போ அவரோட பொலிசியே எனக்கும் போதாதா?

கண்டி புரோக்கர்
போதாது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அவருடைய பொலிசி அவருடைய சுவருக்கும் கூரைக்கும். உங்கள் கேஸ் அவனில் இருந்து தீ கிளம்பிக் கட்டடம் எரிந்தால், அவருடைய கம்பனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஹட்டன், டிக்கோயாக் கடைகள் பல ஒரே சுவரில் ஒட்டி நிற்பவை, பழைய பலகைத் தளம். தீ பக்கத்துக்கும் போகும். வாடகைக்காரரின் தீப் பொறுப்பு, பொதுப் பொறுப்பு என்று இரண்டு கவர் உண்டு, விலை கேட்டுப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள், "தீயால் வரும் சேதத்துக்கு வாடகைக்காரரே பொறுப்பு" என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். விறகுப் போறணையில் இருந்து கேஸுக்கு மாறுவதை அவருக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள், அவர் தன் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். இடத்தின் பாவனை மாறியதைச் சொல்லவில்லை என்று அவருடைய கிளெய்ம் நின்றால், பிறகு உங்களோடுதான் வழக்கு.

டிக்கோயா பேக்கரி
சரிண்ணே. ஒப்பந்தம் சிங்களத்துல இருக்கு, வாசிச்சுச் சொல்ல ஆள் பிடிச்சிட்டு வடிகான் கதையையும் சேத்து ஞாயித்துக்கிழமை முதலாளியப் பாக்கிறேன். வடிகான் செலவுல பாதி நான் போடுறேன்னு சொன்னா சம்மதிப்பாரு போல.